கரையேறியவர் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விழா அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'அறிவும் அறமும் நம்பிக்கையும் அன்றாட வாழ்வும்' என்று அச்சிட்டிருக்கின்றார்கள். கடலைக் காட்டி, இதனைக் குடத்தில் மொண்டு தருக என்று பணிப்பது போன்ற கட்டளை இது. எத்துணைப் பெரிய கடலாயினும் குடத்தில் அடங்குவது ஒரு குடம் நீர்தான். ஆதலால் நான் ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அக்கதை தீவில் வாழும் நம்மை நோக்கிக் கேட்கும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கின்றேன். கடலில் தத்தளித்துக் கரையேறிய ஒருவன், கரையேறிய பின்னர் எதற்குக் கடமைப்பட்டவன்? இதுவே அக்கேள்வி.

நாம் வந்த வழி

நம்முள் கப்பலேறாமல் இங்கு வந்த பழங்குடும்பம் அரிது. சென்னைக்கும் இத்தீவுகளின் தலைநகருக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கின்றது. இந்நாளில் வானூர்தி ஓரிரு மணி நேரத்தில் கொணர்ந்து சேர்த்துவிடுகின்றது. நம் பெற்றோரோ மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அரசுப் பணிக்கென்று சிலர் வந்தனர். கடை வைக்கச் சிலர் வந்தனர். கல்லுடைக்கவும் கட்டடம் கட்டவும் பலர் வந்தனர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோருள் சில குடும்பத்தார், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற்குக் குடிவந்தனர். ஒரு தீவில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் மற்றொரு தீவில் ரப்பர்ப் பால் வடிக்கத் தொடங்கின. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்குத் தாய்மொழி தமிழ்.

நானும் அவ்வாறு வந்தவனே. ஹாடோ துறையில் நான் இறங்கியபோது அந்தி சாய்ந்துவிட்டது. என்னை அழைத்துச் செல்வதாக எழுதியிருந்த உறவினர் வரவில்லை. மழையோ நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரை வேய்ந்த ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் டிரங்குப் பெட்டியோடு ஒதுங்கி நின்றேன். உள்ளிருந்து ஒரு மூதாட்டியார் எட்டிப் பார்த்து, எனக்கு விளங்காத மொழியில் ஏதோ வினவினார். நான் விழித்தேன். அவர் மறுபடி வினவவில்லை. உள்ளே சென்று ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் கொணர்ந்து என்முன் வைத்தார். அவர் பேசியது வங்காளம் என்பதும், கிழக்கு வங்காளத்தினின்று எல்லாம் இழந்து வந்து 1949ஆம் ஆண்டு முதல் இங்குக் குடியமர்த்தப்பெற்ற ஏதிலியர் மரபினர் அவர் என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. அந்த வீட்டை நான் பின்பு பலமுறை தேடியிருக்கின்றேன். அடையாளம் காண இயலவில்லை. அந்தத் தட்டுச் சோற்றுக் கடன் இன்னும் அடையாமலே நிற்கின்றது.

சாதுவன் கதை

இனிக் கதைக்கு வருவோம். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் முப்பது காதைகள் உள்ளன. அவற்றுள் பதினாறாவது, 'ஆதிரை பிச்சையிட்ட காதை'. உ. வே. சாமிநாதையர் 1898இல் அந்நூலைப் பதிப்பித்தளித்த பின்னர், தமிழுலகம் மறந்திருந்த இக்கதை மீண்டும் நம் வீடுகளுக்குள் வந்தது.

ஆதிரை என்னும் நல்லாளின் கணவன் சாதுவன். அவன் கணிகை ஒருத்தியிடம் மயங்கி, சூதாடிப் பொருளையெல்லாம் தோற்றான். கைப்பொருள் தீர்ந்ததும் அவள் அவனைப் புறந்தள்ளினாள். வணிகரோடு சேர்ந்து பொருளீட்டப் புறப்பட்டவனுடைய கப்பல் நடுக்கடலில் உடைந்தது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றிக்கொண்டு, அலை ஒதுக்கிய ஒரு மலைத்தீவில் கரையேறினான். அது நக்கசாரணராகிய நாகர் வாழும் இடம். களைத்து ஒரு மரத்தின் கீழ் உறங்கியவனை அவர்கள் சூழ்ந்துகொண்டனர். தனியே அகப்பட்ட இவ்வுடல் நமக்கு உணவு என்று மகிழ்ந்து அவனை எழுப்பினர். விழித்தெழுந்த சாதுவன் அவர்களுடைய மொழியிலேயே பேசினான். உடனே அவர்கள் தீங்கு செய்யாது விலகி நின்று தொழுது, அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர்.

இக்கதையிலே நான் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். 'நக்கம்' என்னும் சொல் ஆடையின்மையைக் குறிப்பது. முதலாம் இராசேந்திர சோழனுடைய தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு, அவன் கடல் கடந்து வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகின்றது. அது இன்றைய நிக்கோபார் என்பர். இவ்விரண்டையும் இணைத்து, சாதுவன் ஒதுங்கிய கரை நிக்கோபாரே என்று கருதும் அறிஞரும் உண்டு. இடம் எதுவாயினும் ஆகுக. ஊனுண்ணும் கொடியவர் என்று காப்பியம் தீட்டும் சித்திரத்தை, இங்கு வாழும் நிக்கோபாரியரோடு ஒருவரும் பொருத்திவிடலாகாது. தொலைவிலிருந்து அஞ்சுகிறவன் கடலுக்கு அப்பாலுள்ளவனைப் பற்றிப் புனையும் கதை எக்காலத்தும் இப்படித்தான் இருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, அந்தமான் மக்களுக்கு நாயின் தலையும் நாயின் பல்லும் உண்டு என்று எழுதிவைத்தார். கேட்டதை எழுதினாரேயன்றிக் கண்டதை எழுதவில்லை. அவ்வச்சத்தையே தொடக்கமாக வைத்துக்கொண்ட சாத்தனார், அச்சம் எவ்வாறு தீரும் என்பதைக் காட்டுவதற்கே இக்கதையைச் சொல்கின்றார் என்பது என் கருத்து.

மொழி என்னும் வாயில்

சாதுவனைக் காத்தது எது? அவனிடம் படையில்லை, பொருளில்லை, பெருமைப்படத்தக்க ஒழுக்கமும் அதுவரை இல்லை. அயலாருடைய மொழியை அவன் அறிந்திருந்தான், அவ்வளவே. எப்போது கற்றான், யாரிடம் கற்றான் என்று காப்பியம் சொல்லவில்லை. ஊரார் எள்ளி நகைத்த அந்தச் சூதாடி, ஏனையோர் அஞ்சி ஒதுங்கிய ஒரு மக்கட்கூட்டத்தின் மொழியை எப்போதோ செவிகொடுத்துக் கேட்டிருக்கின்றான். அக்கல்வி கடைசியில் அவன் உயிரைக் காத்தது.

நாம் இங்குக் கடைவீதியில் இந்துஸ்தானி பேசுகின்றோம். விலை கேட்கவும் விலை சொல்லவும் அது போதும். ஆனால் பக்கத்து வீட்டு வங்காளத் தாயிடம், உங்களுக்கு உடம்பு எவ்வாறு இருக்கிறது என்று அவர் மொழியில் வினவ நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து நம் வீட்டு அடித்தளம் தோண்டியவருக்கும், மாயாபந்தர்ப் பக்கத்துக் கரேன் குடும்பத்தாருக்கும், கார் நிக்கோபாரிலிருந்து வந்து நம் பிள்ளைகளோடு படிக்கும் பிள்ளைகளுக்கும் மொழி உண்டு என்பதையாவது நினைத்திருக்கின்றோமா? மாணவச் செல்வங்களே! தமிழை மறவாதீர்கள், அதற்காகவே இச்சங்கம் இருக்கின்றது. தமிழோடு அயலார் மொழி ஒன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குத்தான் சாதுவன் இருக்கின்றான்.

ஒரு மொழியின் அருமை அது போனபின் தெரியும். 2010ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஏறத்தாழ எண்பத்தைந்து அகவை எய்திய ஒரு மூதாட்டியார் இத்தீவுகளில் காலமானார். பெரும் அந்தமானியர் குலத்து மொழிகளுள் ஒன்றாகிய 'போ' மொழியை அறிந்திருந்த கடைசி மனிதர் அவர். தம் மொழியில் பேச ஒருவரும் எஞ்சாத இறுதி ஆண்டுகளில் அவருடைய மௌனம் எத்தகையதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மொழி பேசப்பட்ட மண்ணின்மேல் நின்றுகொண்டுதான் நாம் இன்று தமிழ் விழாக் கொண்டாடுகின்றோம்.

அவரவர்க்கு ஏற்ற அறம்

தலைவன் சாதுவனுக்குக் கள்ளும் ஊனும் பிறவும் நல்கி உபசரிக்கச் சொன்னான். சாதுவன் மறுத்தான். ஏன் மறுக்கின்றாய் என்று தலைவன் சினந்தான். உயிர்க்கொலையையும் மயக்கும் கள்ளையும் அறிவுடையோர் விலக்கினர் என்று சாதுவன் விளக்கினான். தலைவன் நகைத்து, உடம்பை விட்ட உயிர் எங்கே போகிறது, சொல் என்று கேட்டான். சாதுவன் பொறுமையோடு சொன்னான். கேட்டு முடித்த தலைவன் அவன் அடியில் வீழ்ந்து ஒளிவின்றி உண்மை பேசினான். கள்ளையும் ஊனையும் கைவிட்டு எம்மால் உயிர் தாங்க இயலாது. எமக்கு ஏற்ற அறம் ஏதேனும் உண்டாயின் அதனைச் சொல் என்றான்.

இங்கேதான் சாதுவனுடைய அறிவு புலனாகின்றது. முழுவதையும் ஏற்றாலன்றி நீ தேறமாட்டாய் என்று அவன் கடிந்துரைக்கவில்லை. எப்படியேனும் வாழ்ந்து போ என்று கைவிடவுமில்லை. தன் சமயத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளுமாறும் வேண்டவில்லை. இரண்டே சொன்னான். கலம் உடைந்து உயிரோடு கரையேறுவாரைக் கொல்லாது காப்பாயாக. மூத்து விளியும் விலங்கை அன்றி வேறு உயிரைக் கொல்லாதொழிவாயாக. தலைவன் உடன்பட்டான். எமக்கு இயன்ற அறம் இது, செய்வோம் என்றான்.

நம் இல்லங்களில் அறம் பெரும்பாலும் தோற்பது எங்கே என்று பாருங்கள். பிறரிடம் அவரால் இயலாததை எதிர்பார்க்கின்றோம். நம்மால் இயன்றதை நாம் செய்வதில்லை. மகனுக்கு நாள்தோறும் நூறு கட்டளை இடுகின்றோம். அவன் ஒன்றையும் கேட்பதில்லை. அவனால் தாங்கக்கூடிய இரண்டைச் சொல்லி, அவ்விரண்டையும் நாமும் கடைப்பிடிப்போமாயின் வீடு திருந்தும். சாதுவன் வழி அதுவே. அவனும் ஊனையும் கள்ளையும் மறுத்துக் காட்டிய பின்னரே வாய் திறந்தான்.

திவாரியின் கதை

காப்பியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்குக் கைதிகள் குடியேற்றம் தொடங்கியது. அடுத்த திங்களிலேயே ராஸ் தீவிலிருந்து தப்பி ஓடியவர்களுள் ஒருவர், தூத்நாத் திவாரி என்னும் பழைய சிப்பாய். உடன் ஓடியவர்கள் காட்டில் மடிந்தனர். அம்பு தைத்துக் குற்றுயிராகக் கிடந்த திவாரியை அந்தமானியர் கொல்லாமல் விட்டனர். தம்முள் ஒருவராக ஏற்றனர். ஓராண்டுக்கு மேல் அவர் அவர்களோடு உண்டு, உறங்கி, மணமும் செய்துகொண்டு, மொழியும் கற்றார். 1859ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தமானியர் குடியிருப்பைத் தாக்கப் புறப்பட்டனர். திவாரி முந்திச் சென்று ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அச்செய்தியை அறிவித்துவிட்டார். வில்லும் அம்பும் கொண்டு வந்தவர்களைத் துப்பாக்கிகள் எதிர்கொண்டன. அபர்தீன் போர் என வழங்குவது இதுவே. அதன் நினைவுச் சின்னத்தை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். திவாரிக்குத் தண்டனை நீக்கப்பெற்றது. அவர் ஊர் திரும்பினார்.

அவரை இழித்துரைத்தல் எளிது. ஆயினும் நீதி கூறுவதற்கு முன் சற்றே நிற்போம். தாக்குதலுக்கு இரையாகவிருந்தவர்களுள் விலங்கிட்ட கைதிகளும் இருந்தனர். அவர்களும் அவருடைய மக்களே. ஒரு பக்கம் உயிர் கொடுத்தவர்கள், மறுபக்கம் உடன் துன்புற்றவர்கள். அந்த இரவில் அவர் நெஞ்சம் என்ன பட்டது என்பதை நாம் அறியோம். ஆனால் ஒன்று சொல்லலாம். சாதுவனும் திவாரியும் ஒரே வாயிலில் நுழைந்தவர்கள். இருவரும் அயலார் கருணையால் உயிர் பிழைத்தார்கள். இருவருக்கும் அயலார் மொழி தெரிந்திருந்தது. முன்னவன் அம்மொழியைக் கொண்டு இரு தரத்தார்க்கும் பொதுவான ஓர் அறத்தைத் தேடினான். பின்னவர் பொதுவான வழி ஒன்றைத் தேடியதாக வரலாறு கூறவில்லை. அறிவு மட்டும் அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதன்பின் நேர்ந்ததைக் கூற நா எழவில்லை. 1877ஆம் ஆண்டில் தட்டம்மை பரவிப் பெரும் அந்தமானியரைக் கூட்டங் கூட்டமாக வாரிச் சென்றது. குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1961ஆம் ஆண்டில் 19 பேராகவும் குறைந்தனர். கப்பலில் வந்தவரைக் கரையிலுள்ளவர் கொல்லலாகாது என்பது சாதுவன் சொன்ன அறம். கரையிலுள்ளவரை வந்தவர் அழிக்கலாகாது என்று சொல்ல இங்கே ஒரு சாதுவனும் இல்லாமற் போயினான். பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் 1956இல்தான் வந்தது.

ஆகவே இத்தீவில் அறம் இருவகைப்படும் என்பேன். நம்மோடு கலந்து வாழ்பவரிடம் நெருங்கிச் செல்லுதல் ஒரு வகை. தம் போக்கில் வாழ விரும்புவாரை அணுகாதிருத்தல் மற்றொரு வகை. ஜாரவா மக்கள் வாழும் காட்டுச் சாலையில் செல்லும்போது ரொட்டியை எறியாமலும், படம் எடுக்காமலும், வேடிக்கை காட்டப் பிள்ளைகளைத் தூக்காமலும் போவது சிறிய செயல். ஆயினும் அது அறச்செயல். 2018ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஒருவர், தம் சமய நம்பிக்கையை எடுத்துரைக்கும் வேட்கையோடு, சட்டம் தடுத்தும் வடக்குச் சென்டினல் தீவில் இறங்கி உயிரிழந்தார். அவருடைய நம்பிக்கையை நான் எள்ளவில்லை; உயிரையும் ஈய வல்லது அது. ஆனால் நம்பிக்கை எத்துணை ஆழமானதாயினும், எதிரே நிற்பவர் வேண்டா என்று சொல்வதைக் கேட்கும் செவியும் அதற்கு வேண்டும்.

கடல் பொங்கிய நாள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நினைவுகூராமல் இம்மேடையில் கடலைப் பற்றிப் பேசுதல் இயலாது. காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. சிறிது நேரத்தில் கடல் எழுந்தது. இந்திரா முனையில் நிலம் ஏறத்தாழ நான்கு மீட்டர் தாழ்ந்தது. நிலத்தில் நின்ற கலங்கரை விளக்கம் நீரில் நின்றது. கார் நிக்கோபாரும் கச்சாலும் பெரும் அழிவுக்குள்ளாயின. இங்கே சிப்பிகாட்டின் வயல்களில் உப்பு நீர் புகுந்து தங்கிவிட்டது. நம்முள் சிலர் அன்று உறவினரை இழந்தவர்கள். அவர்கள் முன்னிலையில் அதிகம் விரித்துரைக்க மாட்டேன்.

அன்று சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள், கடல் உள்வாங்கிய குறிப்பறிந்து மேட்டு நிலத்திற்கு ஏறிப் பிழைத்தனர். ஏடறியாதவர் என்று நாம் எண்ணியிருந்தவர்கள் கடலின் ஏட்டைப் படித்துவிட்டார்கள். கார் நிக்கோபாரில் 'துஹேத்' எனப்படும் பெருங்குடும்ப முறை உண்டு. தென்னந்தோப்பும் நிலமும் அக்குடும்பத்துக்குப் பொது. பெற்றோரை இழந்த குழந்தைக்கும் அந்தத் துஹேத் தாய்வீடாகின்றது. காப்பியத்தில் சாதுவன் தீவினருக்கு அறம் உரைத்தான். அவ்வாண்டில் தீவினர் நமக்கு அறம் உரைத்தார்கள் என்பதே உண்மை.

இப்போது என் குற்றம் ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த சனவரி மாதம், நிவாரண முகாமிலிருந்து ஒருவர் கைக்குழந்தையோடு என் வாயிலில் வந்து நின்றார். சட்டை கிழிந்திருந்தது, குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே, எந்தத் தீவு, எந்த ஊர், தமிழ் தெரியுமா என்று வினவத் தொடங்கினேன். தமிழர் என்றால் ஒரு விதமாகவும் அல்லர் என்றால் வேறு விதமாகவும் உதவலாம் என்று என் மனம் கணக்கிட்டது. அவர் உடைந்த இந்துஸ்தானியில் மறுமொழி தேடிக்கொண்டிருக்கும்போதே, என் மனைவியார் உள்ளிருந்து வந்து, என்னைக் கடந்து சென்று, குழந்தையின் வாயில் பால் புகட்டத் தொடங்கிவிட்டார். பின்பு சோறும் வந்தது. என் கேள்விகள் நடுவிலே நின்றுபோயின. அந்தத் தகரக்கூரை வீட்டு மூதாட்டியார் என்னிடம் ஊர் கேட்டுவிட்டா சோறிட்டார்? மணிமேகலையை நான் பலமுறை மேடைகளில் எடுத்துரைத்திருக்கின்றேன். என் மனைவியார் அந்நூலைத் திறந்தும் பார்த்தவரல்லர். அன்று அந்நூலை அறிந்தவர் யார் என்று நீங்களே கூறுங்கள்.

ஆதிரை இட்ட ஒரு பிடி

இதுவரை சாதுவனைப் பற்றியே பேசினேன். ஆனால் சாத்தனார் காதைக்கு இட்ட பெயர் அவனுடையதன்று, அவன் மனைவியுடையது. கப்பல் உடைந்தது, சாதுவனும் மடிந்தான் என்று தப்பி வந்தோர் சொல்லக் கேட்ட ஆதிரை, தீ வளர்த்து அதனுள் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. நின் கணவன் இறந்திலன். நக்கசாரணர் தீவில் இருக்கின்றான். சந்திரதத்தன் என்னும் வணிகனுடைய கலத்தில் மீள்வான் என்று வானிலிருந்து ஒரு குரல் எழுந்தது. தீப்புகுதலை நான் அறமென்று கூற வரவில்லை. காப்பியமே அந்தத் தீயைக் குளிர வைத்துவிடுகின்றது. நான் நோக்குவது அதன் பின்னர் அவள் செய்ததை. வீடு திரும்பிய ஆதிரை கதவை அடைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கணவன் இன்னும் வரவில்லை. வருவான் என்பதற்கு ஒரு குரலையன்றிப் பிறிதொரு சான்றுமில்லை. அந்த இடைக்காலத்திலேயே அவள் அறம் செய்யத் தொடங்கினாள். நம்பிக்கை என்பதற்கு நான் அறிந்த சிறந்த விளக்கம் இது. வரும் என்று நம்புவதோடு நில்லாமல், வருவதற்கு முன்பே நல்லதைச் செய்யத் தொடங்குதல்.

பங்குனி உத்திரத்தன்று நம் வெற்றிமலை முருகன் கோயிலில் நாம் காவடி எடுக்கின்றோம். நம் அண்டை வீட்டார் வேறு தெய்வங்களை வேறு முறைகளில் வழிபடுகின்றனர். தெய்வத்தின்முன் நாம் எழுப்பும் குரல் எத்தகையதாயினும், வீடு திரும்பிய பின் நம் கை என்ன செய்கின்றது என்பதே நம் நம்பிக்கைக்குச் சாட்சி.

மணிமேகலை அமுதசுரபியைப் பெற்றது மணிபல்லவம் என்னும் தீவில். எடுக்க எடுக்கக் குறையாத தெய்வப் பாத்திரம் அது. ஆயினும் முதற்பிச்சை ஒருவர் இட்டாலன்றி அது சுரக்காது. அம்முதற்பிச்சையை ஆதிரையிடமே பெறுக என்று காயசண்டிகை வழிகாட்டினாள். மணிமேகலை ஒரு சொல்லும் பேசாமல் ஆதிரை வாயிலில் நின்றாள். ஆதிரை அவளை வலம்வந்து, உலகெங்கும் பசிப்பிணி ஒழிக என்று வாழ்த்திப் பாத்திரம் நிறைய இட்டாள். செல்வர் பலர் வாழ்ந்த புகார் நகரில் ஏன் ஆதிரை? இழப்பு இன்னது என்று அறிந்த கை அது; காத்திருத்தல் இன்னது என்று அறிந்த கை அது. தெய்வப் பாத்திரமும் ஒரு மனிதக் கை முதலில் இடும் பிடிக்காகக் காத்திருக்கின்றது.

அதே பாத்திரத்தை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். மணிபல்லவத்தில் அவன் இறங்கியிருந்தபோது, அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. தீவில் அவன் தனியன். உலகனைத்திற்கும் சோறிடும் பாத்திரம் கையிலிருந்தும், உண்ண வேறொருவரும் அங்கில்லை. தன் வயிற்றை மட்டும் வளர்க்க அதனைப் பயன்படுத்தேன் என்று பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். தீவில் வாழும் நமக்கு இக்கதை பெரும்பாடம். பகிர்ந்துகொள்ள அயலார் இல்லாவிடின், அமுதசுரபியும் வெறும் ஓடுதான்.

நிறைவாக

அன்பர்களே! தொடக்கத்தில் ஒரு கேள்வி எழுப்பினேன். கரையேறியவன் எதற்குக் கடமைப்பட்டவன்? அடுத்துக் கரையேறுபவனுக்கு அவன் கடமைப்பட்டவன் என்பதே கதை தரும் விடை. தனக்குச் சோறிட்டவரைத் தேடி அலைவதினும், தன் வாயிலில் நிற்பவரைக் கேள்வி கேளாது ஏற்பது மேலான கடனடைப்பு. இது முதலாவது. தனக்கு முன்பே கரையில் இருந்தவருக்கும் அவன் கடமைப்பட்டவன். இது இரண்டாவது. சாதுவன் தலைவனுக்கு இரண்டே சொன்னான். நானும் இரண்டோடு நிறுத்திக்கொள்கின்றேன்.

முன்பு போர்ட் பிளேர் என்று வழங்கிய இந்நகர், 2024ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்குகின்றது. பெயர்கள் மாறும், துறைமுகம் மாறுவதில்லை. நாளைக் காலையிலும் கப்பல் ஒன்று அங்கு வந்து நிற்கும். பெட்டியும் கையுமாக, மொழி தெரியாத ஓர் இளைஞன் அதிலிருந்து இறங்குவான். மழையும் பெய்யலாம். அவன் தமிழனாகவும் இருக்கலாம், பிறனாகவும் இருக்கலாம். அவன் நம் தாழ்வாரத்தில் ஒதுங்கும்போது, முதலில் கேள்வியை நீட்டுவோமா, தட்டை நீட்டுவோமா என்பதை நாம் இன்றே முடிவு செய்துகொள்ளலாம். இச்சங்கத்தின் வயதையும் வளத்தையும் அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுவே.

அன்று என் கேள்விகளை நிறுத்தி வைத்த என் இல்லத்தரசிக்கு நன்றி கூறி அமைகின்றேன்.

வாழ்க தமிழ்! வாழ்க இத்தீவின் மக்கள் அனைவரும்!